உழைப்பவர் உள்ளம் அறிவோமா?



கடமலைக்குண்டுக்கு நீங்கள் எப்போதேனும் வந்ததுண்டா? தேனியிலிருந்து கண்டமனூர் வழியாக வருசநாடு செல்லும் சாலையில், மூல வைகையை ஒட்டி அமைந்த ஊர் அது. பங்குனி, சித்திரை மாதங்களில் வந்தீர்களானால், இலவங்காய் உடைக்கும் களங்களில் பெண்கள் வட்டமாக அமர்ந்திருப்பதைக் காண்பீர்கள். வெண்பஞ்சு காற்றில் மிதந்து வேலியிலும் மின்கம்பியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றிரவு நீங்கள் தலைசாய்க்கப் போகும் தலையணையில் இலவம்பஞ்சு இருக்குமானால், அது இந்த மலையடிவாரத்திலிருந்து போடிநாயக்கனூருக்குப் போய், அங்கிருந்து உங்கள் இல்லம் வந்து சேர்ந்ததாக இருக்கலாம்.

என் அத்தா அவ்வூரில் சிறிய பஞ்சுக் குடோன் ஒன்றை நடத்தி வந்தார்கள். 1980களின் இறுதி என்று நினைவு. காய் உடைக்கவும், ஓடு நீக்கவும், விதை பிரிக்கவும், மூட்டை கட்டவும் பத்துப் பன்னிரண்டு பேர் வேலைக்கு வருவார்கள். அவர்களுள் ஓர் அம்மையார் இருந்தார். வீட்டுப் பிள்ளைகளாகிய நாங்கள் அவரை 'அக்கா' என்றே அழைப்போம். பஞ்சு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். "இது ஈரம், முதலாளி. இன்னும் ரெண்டு வெயில் காட்டணும்" என்பார். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அளந்து பார்க்கும் கருவி எதுவும் எங்களிடம் இல்லை. அந்தக் கைதான் கருவி.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த வாரம் வேறொரு களத்தில் காய் உடைத்துக் கொண்டிருந்தார். அவ்வாண்டு எங்களிடமிருந்து சென்ற மூட்டைகளில் சில, புழுக்க வாடை அடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டன. "பத்து வருஷம் சோறு போட்டோமே" என்று அத்தா வெகு நாட்கள் சொல்லிக் கொண்டிருந்தார்கள். நானும் அதை நன்றி மறந்த செயல் என்றே நம்பினேன். அவர் ஏன் போனார் என்பதைப் பிற்பாடு சொல்கிறேன். அதை நான் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஒருவர் ஒரு நாளில் செய்து முடிக்கும் வேலையின் அளவையும் தரத்தையும் தீர்மானிப்பவை எவை? அனுபவம், ஊக்கம், மனநிறைவு என்று மூன்றைச் சொல்வார்கள். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் உங்கள் மகனையோ மகளையோ கேட்டால் இம்மூன்றையும் பாடமாகவே ஒப்பிப்பார்கள். ஆனால் இது தொழிற்சாலை அதிபர்களுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பங்கள் மளிகைக்கடை, ஜவுளிக்கடை, மெத்தைக்கடை, உணவுவிடுதி என்று இரண்டு பேரையோ இருபது பேரையோ வைத்து வேலை வாங்குகின்றன! எத்தனை வீட்டுப் பிள்ளைகள் கடல் கடந்து பிறரிடம் வேலை பார்க்கின்றனர்! ஒரே குடும்பத்தில் ஒருவர் முதலாளியாகவும் மற்றொருவர் தொழிலாளியாகவும் இருக்கும் சமுதாயம் நம்முடையது. ஆகவே இரு பக்கத்து நியாயமும் நமக்கு விளங்க வேண்டும்.

அனுபவத்தின் விலை

முதலில் அனுபவம். தேவாரம், கோம்பை, கம்பம், போடி ஆகிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் மலையேறுவதை இப்பகுதியினர் நன்கறிவர். ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழிகளிலும் இந்தப் பயணம் நடக்கிறது. அங்கே அவர்கள் செய்யும் வேலையைச் சற்றே கவனியுங்கள். ஏலச்செடியின் அடிப்பகுதியில், தரையை ஒட்டிச் சரம் சரமாகக் காய் பிடிக்கிறது. ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். குனிந்த நிலையில் முற்றியதை மட்டும் பறித்து மற்றவற்றை அடுத்த பறிப்புக்கு விட்டுவைக்க வேண்டும். பிஞ்சைப் பறித்துவிட்டால் உலர்த்தியபின் எடை நிற்காது; நிறமும் வராது. பழுக்க விட்டுவிட்டால் காய் வெடித்துவிடும். எது முற்றியது என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் அறிந்துகொள்கிறது. புதிதாக வந்த பெண் ஒவ்வொரு காயையும் ஐயத்தோடு தொட்டுப் பார்க்கும் நேரத்தில், பழகியவர் அடுத்த செடிக்குப் போயிருப்பார்.

இந்த உண்மையைக் கணக்காக எழுதிக் காட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் டி.பி. ரைட். விமானம் கட்டும் தொழிலை ஆராய்ந்து 1936ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு தொழிற்கூடத்தில் மொத்தமாகக் கட்டி முடித்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்து வருகிறது என்பது அவர் கண்ட முடிவு. அந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. முதல் சில இரட்டிப்புகள் விரைவில் வந்துவிடும். பிந்தையவை வர நெடுங்காலம் ஆகும். அதாவது முன்னேற்றத்தின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. பத்தாண்டுக்காரருக்கும் பதினைந்தாண்டுக்காரருக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. பின்னவரிடம் இருப்பது வேகம் அன்று. எது கெடும், எப்போது கெடும் என்னும் முன்னறிவே அது.

நம் கடைக்காரர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பழைய ஆள் விலகினால் "புதுப்பையன் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வான்" என்கிறோம். கற்றுக்கொள்வான், உண்மை. ஆனால் எந்த வாடிக்கையாளர் கடன் சொல்லித் திருப்பித் தருவார், எந்த மூட்டை அடியில் நனைந்திருக்கும், எந்த மாதம் எந்தச் சரக்கு தேங்கும் என்பவை ஒரு மாதத்தில் வருவன அல்ல. அவை எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாதவை. அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகின்றன.

திடீர்க் கொடையும் அதன் ஆயுளும்

இனி ஊக்கம். "கூலியைக் கூட்டிக் கொடுத்தால் வேலை தானாக நடக்கும்" என்பார் ஒரு சாரார். "கொடுக்கக் கொடுக்கச் சோம்பல்தான் வளரும்" என்பார் மறுசாரார். இரண்டையும் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இந்தியத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அமைந்தது. அரசு அறிவித்த உயர்வால் அங்கே கொழுந்து பறிப்போரின் அடிப்படைக் கூலி கூடியது. ஆனால் கூடுதலாகப் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தரப்படும் ஊக்கத்தொகை ஏறவில்லை. சில படிகளில் குறைக்கவும் பட்டது. ஏட்டுக் கணக்குப்படி பார்த்தால், கூடுதலாகப் பறிக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் நடந்தது வேறு. அடுத்த மாதத்திலேயே பறிப்பு 20 முதல் 80 சதவீதம் வரை உயர்ந்தது! ராஜஸ்ரீ ஜெயராமன், தேவராஜ் ராய், பிரான்சிஸ் தெ வெரிக்கூர் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட செய்தி இது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மேடைப் பேச்சாளர்களுக்கு நல்ல விருந்தாக இருந்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. தொடர்ந்து மாதக் கணக்கைப் பார்த்தார்கள். சில மாதங்களில் அந்த உயர்வு கரைந்து பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. கூடிய கூலி கைக்குப் பழகிவிட்டது. அது ஒரு கொடை என்ற எண்ணம் மறைந்துவிட்டது.

இதை வைத்துத் தொழிலாளியைக் குறை சொல்ல எவரும் புறப்பட வேண்டாம். உங்களுக்கு ஊதியம் உயர்ந்தபோது எத்தனை மாதம் அந்த மகிழ்ச்சி நீடித்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. பெருநாளுக்குப் பெருநாள் கை நிறைய இனாம் கொடுத்துவிட்டு, எஞ்சிய பதினோரு மாதமும் அதைச் சொல்லிக் காட்டும் வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. இனாம் நல்லதுதான், கொடுங்கள். ஆனால் அதன் ஆயுள் குறுகியது. ஒருவரை நாள்தோறும் விருப்பத்தோடு வேலைக்கு வரச் செய்வது நாள்தோறும் நடக்கும் ஒன்றாகவே இருக்க முடியும்.

தையல் இலை சொன்ன கதை

அப்படி நாள்தோறும் நடப்பவற்றுள் தலையாயது, கூலி எப்போது கைக்கு வருகிறது என்பது. கூலியைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை ஜும்ஆ மேடைகளில் பலமுறை செவியுற்றிருக்கிறோம். அதை இரக்கத்தின் பாற்பட்ட அறிவுரையாகவே நம்மில் பலர் எடுத்துக்கொண்டோம். அதற்குள் எத்துணை பெரிய நடைமுறை உண்மை இருக்கிறது என்பதை ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது.

வேலை குறைந்த பருவம். கடனில் மூழ்கிய 408 தொழிலாளர்கள், தையல் இலை தைக்கும் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். எத்தனை இலை தைக்கிறார்களோ அத்தனைக்குக் காசு. சுப்ரீத் கௌர், செந்தில் முல்லைநாதன், சுவானா ஓ, பிராங்க் ஷில்பாக் ஆகிய ஆய்வாளர்கள் ஒன்றே ஒன்றை மாற்றினார்கள். ஒரு சாராருக்கு மொத்தக் கூலியும் இறுதியில். மற்றொரு சாராருக்கு அதில் ஒரு பகுதி சில நாட்கள் முன்னதாக. தொகை ஒன்றுதான், நாள் மட்டுமே வேறு. முன்னதாகப் பெற்றவர்களில் பெரும்பாலோர் உடனே கடனை அடைத்தார்கள். வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். மறுநாள் முதல் அவர்கள் தைத்த இலையின் எண்ணிக்கை சராசரியாக 7 சதவீதம் கூடியது. அவர்களுள் மிக வறியவர்களிடம் 13 சதவீதம் கூடியது. வேலையில் நேரும் கவனப்பிசகுகளும் குறைந்தன.

ஏன்? கடன்காரன் வாசலில் நிற்பான் என்ற நினைப்போடு தைப்பவரின் கை இங்கே இருக்கும். மனம் வீட்டு வாசலில் இருக்கும். அந்த நினைப்பு அகன்றதும் கவனம் முழுவதும் ஊசிக்குத் திரும்புகிறது. முதலாளிக்குக் கூடுதலாக ஒரு காசும் செலவில்லை. சில நாட்கள் முன்னதாகக் கல்லாவைத் திறந்தார்கள், அவ்வளவே.

வளைகுடாவில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தினருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. "இன்னும் சம்பளம் போடலைம்மா" என்று மகன் தொலைபேசியில் சொன்ன மாதங்களில் இங்கே அடுப்படி எப்படி இருந்தது, அங்கே அவன் எந்த மனத்தோடு வேலைக்குப் போனான் என்பதை நீங்கள் அறிவீர்கள். சம்பளத்தை வங்கி வழியாகக் குறித்த காலத்தில் செலுத்தி அரசின் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஏற்பாட்டை ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் கொண்டு வந்ததன் பின்னணியில் இத்தகைய எண்ணற்ற முறையீடுகள் இருந்தன. அங்கே நம் பிள்ளைக்கு வேண்டும் என்று நாம் கேட்ட அதே நியாயம், இங்கே நம் கடைப் பையனுக்கும் உரியதன்றோ?

சொல்லாத காரணம்

இப்போது அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அவர் எங்கள் களத்தை விட்டுப் போன வாரத்தில், புதிதாக ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருக்கு அக்காவைவிட நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் கூலி. பத்தாண்டு பழகியவருக்கு ஒரு கூலி. நேற்று வந்தவருக்கு அதைவிட மிகுதி. "புதுசா வந்த பையனுக்கு என்ன கூலி, முதலாளி?" என்று அக்கா ஒருமுறை கேட்டிருக்கிறார். "உனக்கு எதுக்கும்மா அந்தக் கணக்கு?" என்று அத்தா சொல்லியிருக்கிறார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது. அத்தாவிடம் காரணம் இல்லாமலில்லை. மற்றவர்கள் பொழுது சாயும்போது வீடு திரும்பிய பின், அந்த இளைஞர்தான் இருட்டிய பிறகும் இருந்து லாரியில் மூட்டை ஏற்றிக் கொடுத்தார். இரண்டு ரூபாய் அதற்கானது. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. அத்தாவும் யாரிடமும் சொல்லவில்லை.

இதே சூழ்நிலையை ஒடிசாவிலேயே மற்றோர் ஆய்வில் அமைத்துப் பார்த்தார்கள் எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தாசனி என்னும் மூன்று பெண் அறிஞர்கள். 378 தொழிலாளர்களை மும்மூன்று பேர் கொண்ட குழுக்களாக அமர்த்தினார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி; சில குழுக்களில் வேறு வேறு கூலி. அடுத்தவர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாத வேலைகளில், குறைந்த கூலி பெற்றவரின் உழைப்பு சரிந்தது. வேலைக்கு வரும் நாட்களும் குறைந்தன. வருகை விகிதம் 18 புள்ளிகள் வீழ்ந்தது. கவனியுங்கள், வராத நாளுக்குக் கூலி இல்லை. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டேதான் அவர்கள் வராமல் இருந்தார்கள். 2018இல் வெளியான இவ்வாய்வின் மறுபாதிதான் என்னைச் சிந்திக்க வைத்தது. கூடுதல் கூலி பெறுபவர் உண்மையிலேயே மிகுதியாக உழைக்கிறார் என்பதைக் கண்ணாரக் கண்ட குழுக்களில், கூலி வேறுபாட்டால் இத்தகைய பாதிப்பு எதுவும் தென்படவில்லை.

இதைப் படித்த அன்று அக்காவின் முகம் என் கண்முன் வந்து நின்றது. அவரைத் துரத்தியது இரண்டு ரூபாய் அன்று. ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கக்கூடிய காரணம், சொல்லப்படாமல் போனது.

மூணாற்றில் நடந்தது

"பங்கே கொடுத்துவிட்டால்?" என்று சிலர் கேட்பார்கள். தொழிலாளியையே உடைமையாளர் ஆக்கிவிட்டால் மனக்குறை எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி. இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. போடிமெட்டு ஏறிப் பூப்பாறையைக் கடந்தால் மூணாறு. அங்கே கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் தமிழர்கள்.

2005ஆம் ஆண்டில் டாட்டா டீ நிறுவனம் அங்குள்ள தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி உருவானது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் அங்கே பணியாற்றுவோரிடமே வந்தன. 12,000க்கும் மேற்பட்ட ஊழியர்களும் தொழிலாளர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். நிர்வாகவியல் வட்டாரங்களில் இது பெரிய முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பேசப்பட்டதில் தவறும் இல்லை; மூடும் நிலையை எட்டியிருக்கக்கூடிய தோட்டங்கள் தொடர்ந்து நடந்தன.

பத்தாண்டுகள் கழிந்தன. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த ஆண்டுக்கான போனஸ் 10 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதி. பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு வீதியில் வந்து அமர்ந்துவிட்டார்கள். எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. எந்தச் சங்கமும் கூட்டவில்லை. சங்கத் தலைவர்களைப் போராட்டக் களத்தின் அருகில் வரவும் அவர்கள் விடவில்லை. எங்கள் சார்பில் பேசுவதாகச் சொன்னவர்கள் எங்களுக்காகப் பேசவில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்களின் ஒற்றுமை, என்று அந்த இயக்கம் பெயர் பெற்றது. ஒன்பது நாட்கள் நீடித்த போராட்டத்தின் முடிவில், போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. தொடர்ந்து நடந்த கூலிப் பேச்சுவார்த்தையில், அக்டோபர் மாதத்தில் தேயிலைத் தொழிலாளியின் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கேட்டது 500. உயர்வோடு ஒரு நிபந்தனையும் வந்தது: நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது.

பங்குதாரர்களே தங்கள் கம்பெனியை எதிர்த்து வீதிக்கு வந்தது ஏன்? பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தது. கொழுந்து மூட்டை தலையில் இருந்தது. ஆண்டுக்கொருமுறை வரும் சிறு ஆதாயத்தைக் காட்டிலும் அட்டைக்கடியும், மழையும், பழைய லயத்து வீட்டின் ஒழுகும் கூரையும்தான் அவர்களின் அன்றாடம். உடைமையாளர் என்று பெயர் கொடுத்தவர்கள், போனஸைப் பாதியாக்கும் முடிவை எடுக்கும்போது அந்த உடைமையாளரைக் கேட்கவில்லை என்ற மனப்புண்ணே வீதிக்கு வந்தது என்பது என் எண்ணம். தேயிலை விலை வீழ்ச்சியைக் கம்பெனி காரணமாகச் சொன்னது. அது பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு முடிந்த பிறகு சொல்லப்படும் காரணத்துக்கும், முடிவுக்கு முன் கலந்து பேசுவதற்கும் எவ்வளவு தொலைவு!

கலந்து பேசுவதால் என்ன கிடைத்துவிடும், கேட்டதையெல்லாம் கொடுக்கவா முடியும் என்று கடை நடத்தும் அன்பர்கள் கேட்கக்கூடும். கொடுக்க முடியாதபோதும் கேட்பதற்குப் பயன் உண்டு. கர்நாடகத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில், எதிர்பார்த்த அளவுக்குச் சம்பள உயர்வு வராமல் தொழிலாளர்கள் ஏமாற்றம் அடைந்திருந்த வேளையில், ஒரு சாராரிடம் மட்டும் வேலை, கூலி, மேற்பார்வையாளர் குறித்து அவர்கள் மனத்தில் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கூலி கூடவில்லை, எதுவும் மாறவில்லை. இருப்பினும் கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டு விலகுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. (கேட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருந்தாலும் இது பலிக்குமா என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்த ஐயம் உண்டு.)

நின்றே தீர வேண்டுமா?

என் சொந்த அனுபவம் ஒன்று. கல்லூரி விடுமுறையில் நகரத்து ஜவுளிக்கடை ஒன்றில் மூன்று மாதம் வேலை பார்த்தேன். காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை நின்றே இருக்க வேண்டும். ஆளில்லாத மதிய வேளையிலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். இரவு ஏழு மணிக்கு மேல் யாராவது "இதே புடவை வேறு கலரில் இருக்கிறதா?" என்று கேட்டால், "இவ்வளவுதான் இருக்கு" என்று சொல்லிவிடுவேன். மேல் அடுக்கில் எட்டுப் புடவைகள் இருக்கும். ஏணியில் ஏறக் கால் இடம் தராது. என் பக்கத்தில் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ஓர் இரவில் இத்தகைய 'இல்லை'கள் எத்தனை என்று அந்த முதலாளி கணக்குப் பார்த்திருந்தால், ஆளுக்கொரு முக்காலி வாங்கிப் போட்டிருப்பார்.

இன்று இது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், வேலை பார்ப்போர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று ஆணையிடுகிறது. கேரளத்தில் 2018லேயே இத்தகைய திருத்தம் வந்துவிட்டது. உங்கள் கடையில் இருக்கை இருக்கிறதா? இருந்தால், அது யாரும் உட்காரத் துணியாத இருக்கையா?

சகோதரிகளே, இது கடைக்குப் போகும் ஆண்களுக்கான பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பாத்திரம் துலக்கவும் துணி வெளுக்கவும் ஒருவர் வந்துபோகும் வீடும் ஒரு தொழிலிடம்தான். அங்கே கூலியின் நாளை வைப்பவர் நீங்கள்.

எங்கள் வீட்டில் அந்த நாளை அம்மா வைத்திருந்தார்கள். வீட்டு வேலைக்கு வந்தவருக்கு வாரச் சந்தைக்கு முந்தைய மாலையே கூலி போய்விடும். "சந்தை முடிஞ்ச பிறகு காசைக் கொடுத்து என்ன செய்ய? சொத்தைக் கத்தரிக்காயா வாங்குவா?" என்பார்கள். அத்தாவின் கணக்கு வேறு. பஞ்சு லாரி போய், வாங்கியவர் பணம் அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகே களத்துக் கூலி முழுமையாகத் தீரும். ஒரே கூரையின்கீழ் இரண்டு சட்டங்கள். அம்மாவிடம் வேலைக்கு வந்தவர், நான் பள்ளியில் சேர்ந்த ஆண்டில் வந்து, என் திருமணத்துக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தார்.

அக்கா போன மறு ஆண்டு, காய் உடைப்புத் தொடங்கிய முதல் நாள், அத்தா ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துக் குடோனின் கதவில் எழுதினார்கள். காய் உடைப்புக்கு இவ்வளவு, விதை பிரிப்புக்கு இவ்வளவு, இரவில் மூட்டை ஏற்றினால் தனியாக இவ்வளவு. ஏன் எழுதுகிறார்கள் என்று அத்தா யாருக்கும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். கூலி நாளும் அவ்வாண்டு முதல் சந்தைக்கு முந்தைய மாலை ஆயிற்று. அக்கா திரும்பி வரவில்லை. போன இடத்திலேயே நிலைத்துவிட்டார். அடுத்த பங்குனியில் அவருடைய தங்கை வந்தார். கதவை ஒருமுறை வாசித்தார். படிக்கத் தெரியாத மற்றொருவருக்கும் வாசித்துக் காட்டினார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காய்க் குவியலின் முன் அமர்ந்தார்.